இரண்டு விரல் மூச்சு

“மன்னிக்கணும்மா, என் டேப்பு சுருங்கிப் போச்சு” என்று சொல்லி, அளவு டேப்பைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டார் கவச அண்ணன். குடியிருப்போர் சங்கத்து நாடகத்தில் போர்வீரி வேஷம் கட்டவிருந்த பருத்த டீச்சரம்மாவுக்கு, அவர் செய்த மார்க்கவசம் முதுகுப் பக்கம் சேரவில்லை. சிரிக்க வாயைத் திறந்த கூட்டம் டேப்பைப் பார்த்து மூடிக்கொண்டது. எல்லாரும் போனபின் அவர் கூடையைக் கிளறி, அதே டேப்பை எடுத்து, தூசி ஊதிச் சட்டைப் பையில் வைத்தார். கவசங்களுக்குப் பட்டை தைத்துக் கொடுக்கும் தையல்காரி ஒருத்திதான் அதைப் பார்த்தாள். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

வார நாளெல்லாம் அண்ணன் செருப்புக் கடையில் அடுத்தவர் காலடியில் உட்கார்ந்திருப்பார். விடுமுறை நாளில் ராஜாக்களையும் தளபதிகளையும் உருவாக்குவார். யார் முகமும் அவருக்கு நினைவில் நிற்காது. “அந்த இடது தோள் இறங்கினவர் வந்தாரா?” என்றுதான் விசாரிப்பார். ரப்பர் பாயை வெட்டி, சூடுகாட்டி வளைத்து, செருப்புப் பசையால் ஒட்டி, வெள்ளிச் சாயம் அடித்தால் தூரத்துக்கு அது இரும்பு. கிட்டே போனால் பாய். “கிட்ட வர்றவன் எதிரி. அவன் சொன்னா யார் நம்பப் போறா?” என்பார்.

ஆளுக்கு ஒரு பழைய பனியனை மாட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் ஒட்டுத்தாளை இறுக்கி ஒட்டி, பேனாவால் கோடு கிழித்து, முதுகில் கத்தரித்து உரித்தெடுப்பார். உரித்த அந்தத் தோல்தான் அளவு. ஒரே ஒரு தொல்லை, அளவு என்றதும் எல்லாரும் வயிற்றை எக்கிக்கொள்வார்கள். “காலுக்கே ஒரு நம்பர் குறைச்சுச் சொல்றாங்க தங்கச்சி. வயித்துக்கா உண்மையைச் சொல்லிடப் போறாங்க?” என்று தையல்காரியிடம் அலுத்துக்கொள்வார்.

அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார். ராஜா வேஷக்காரர் ஒரு வங்கி மேனேஜர். எக்கி எக்கி முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்துவிட்டது. அண்ணன் நிமிர்ந்தே பார்க்காமல் கேட்டார்: “சார், உங்க சகலை புது வீடு கட்டிட்டாராமே?”

“அவனா? எல்லாம் மாமனார் காசுய்யா! அவன் மூஞ்சிக்கு மாடி வீடு ஒண்ணுதான் குறைச்சல்!”

வயிறு விடுதலை பெற்றது. ராஜா முழு அளவில் வெளிப்பட்டார். அண்ணன் அந்த நொடியில் ஒட்டி முடித்தார். பாயை வெட்டும்போது அதற்கு மேலும் இரண்டு விரல் இடம் விட்டார். “இது மூச்சுக்கு. ஆண்டவன் குடுக்கிறதை நாம பசை போட்டு அடைக்கக் கூடாது.”

இந்தத் தடவை தளபதி வேஷக்காரருக்கு வேலை மாற்றலாகிவிட்டது. வேஷம் அண்ணனைத் தேடி வந்தது. இத்தனை வருஷமாக ஊருக்கெல்லாம் கவசம் மாட்டிவிட்டவர் மேடைப் படியை மிதித்ததில்லை. “எனக்கெதுக்கு?” என்று ஒரே ஒருமுறை மறுத்தார், அதையும் மெதுவாகத்தான். வாளை ஓங்கி “படைகளே, புறப்படுங்கள்!” என்ற ஒரு வசனம். கடையில் ஷூவுக்குள் கால் நுழைக்க வைத்திருக்கும் கரண்டியை ஓங்கி ஓங்கிப் பழகினார்.

“அண்ணே, உங்களுக்கு நான் அளக்கட்டுமா?” என்றாள் தையல்காரி.

“எனக்கே அளவா? என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

கதவைச் சாத்திக்கொண்டு, நிலைக்கண்ணாடி முன் நின்று தானே அளந்துகொண்டார். கண்ணாடி முன்னால் தனியாக நிற்கிறவரிடம் சகலையைப் பற்றி யார் விசாரிப்பது?

நாடகத்தன்று திரைக்குப் பின்னால் பட்டையின் இரு முனையும் ஒன்றையொன்று பார்க்க மறுத்தன. “இழு தங்கச்சி, இழு. போர்னா இறுக்கமாத்தான் இருக்கும்!” என்றார். கடவுள் பேரைச் சொல்லிக்கொண்டே இழுத்துக் கட்டினாள்.

மேடையில் “படைகளே” வரைக்கும் மூச்சு இருந்தது. வாள் காதைத் தாண்டவில்லை. பஸ்ஸை நிறுத்துகிறவர் மாதிரி நின்றார். படையும் நின்றது. முகம் சிவக்க இன்னொரு மூச்சு இழுத்தார். பட்டை பட்டென்று அறுந்து, மார்க்கவசம் பறந்துபோய் ராஜாவின் மடியில் உட்கார்ந்தது. சபை கைதட்டியது. டீச்சரம்மாவுக்கு அண்ணன் மறுபடி செய்து கொடுத்த கவசத்தில் மூச்சுக்குத் தாராளமாக இடமிருந்ததால், “புறப்படுங்கள்!” என்று கூரை அதிரக் கத்திப் படையை அவளே ஓட்டிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரம் மறுபடியும் அதே நாடகம். “தளபதிக்கு என் சகலையைப் போட்டுடலாம், ஒல்லியான ஆள்” என்று மேனேஜர் சங்கத்தில் சொல்லிவிட்டார். அதற்குள் கவசம் சரியாகாவிட்டால் வேஷம் கைவிட்டுப் போய்விடும்.

அண்ணன் கவசத்தைச் சாக்கில் போட்டுக்கொண்டு தையல்காரி வீட்டுக்கு வந்தார். “பசை மட்டம். விளக்குச் சூட்டுல பாய் வேற இழுத்துக்கிச்சு. உன் பட்டையும் கொஞ்சம்...”

“நான் தைச்ச இடம் அப்படியே இருக்குண்ணே. பக்கத்துலதான் பிஞ்சிருக்கு.” நூலைப் பல்லால் கடித்துவிட்டு, சிரிக்காமல் சொன்னாள்: “உங்க டேப்பு சுருங்கிப் போச்சு போல.”

அண்ணன் அவளைப் பார்த்தார். மிஷினுக்கு அடியில் இருந்த குப்பைக்கூடையைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து அவள் மிஷின்மேல் வைத்தார். வாசல்வரை போய், செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்.

“நாளைக்குச் சாயங்காலம் வர்றேன் தங்கச்சி. என் சகலையைப் பத்திக் கேளு. நான் பேச ஆரம்பிச்சதும் அள.”