கிணற்றுத் தண்ணீரில் நின்ற நுரை

ஹென்றிக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. சாந்தோம் கோயிலில் பூசை நேரத்தில்கூடக் கால் மாற்றிக் கால் மாற்றித்தான் நிற்பான். பெண் பார்க்கப் போன அன்று, பஜ்ஜி வருவதற்குள் கொல்லைப்புறம் போய்க் கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்தான். மாப்பிள்ளைக்கு வயிறு சரியில்லையோ என்று பெண் வீட்டார் பயந்துவிட்டார்கள். அந்தப் பெண் கிளாடிஸ்தான் அவனுக்கு மனைவியாக வாய்த்தாள். அவளுடைய பொறுமையைச் சொல்லப் புகுந்தால் இந்தக் கதை நகராது.

ரசாயனம் படித்த அவனுக்கு அடையாறில் சண்முகவேலின் சோப்புக் கம்பெனியில் வேலை. சண்முகவேல் தெற்கத்திக்காரர், தியாகராய நகரில் வீடு கட்டியவர், எதையும் ஒரு கை பார்த்துவிடலாம் என்கிறவர். ஹென்றிக்கோ சோப்பு என்றாலே எரிச்சல். எண்ணெய்க் கிணறு தோண்டுகிற வேலைக்குப் போக வேண்டும் என்பது அவன் கனவு. எழுதிப் போட்ட இடத்திலிருந்தெல்லாம் இடமில்லை என்றே பதில் வந்தது. சாந்தோமில் அவனுக்குப் பெயர் சோப்புக்காரன்.

எழுபத்து மூன்றாம் வருஷம் அந்தக் கிணறே அவனைத் தேடி வந்தது. நாகப்பட்டினம் பக்கம், கடலோரத்தில் எண்ணெய்க்காகத் துளை போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு ஒரு சிக்கல். தோண்டும்போது சேற்றுக் குழம்பை உள்ளே விடுவார்கள். நொறுங்கிய கல்லை மேலே சுமந்து வருவது அதுதான். இங்கே பாறை பொத்தல். விட்ட குழம்பையெல்லாம் குடித்துவிட்டது. ஜவஹர் என்ற இன்ஜினியர், குழம்புக்குப் பதில் நுரையை இறக்கிப் பார்க்கலாம் என்றார். நுரை லேசானது, பாறைக்குள் இறங்கி ஓடிவிடாது. ஆனால் கல்லை மேலே கொண்டுவந்து சேர்க்கும்வரை உடையாமல் கெட்டியாக நிற்க வேண்டும். நடுவழியில் உடைந்தால் கல்லெல்லாம் சரிந்து இரும்புக் குழாயைக் கவ்விக்கொள்ளும். அப்புறம் குழாயும் போச்சு, கிணறும் போச்சு.

அந்த நுரைக்கான சரக்கைச் செய்து தரச் சொல்லி ஜவஹர் சோப்புக் கம்பெனிக்கு வந்தபோது ஹென்றியைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "நுரை நின்னுடுச்சுன்னா நீங்க இங்க இருக்க வேண்டிய ஆளே இல்ல. எங்ககிட்ட வந்துடுங்க. இடம் நான் போட்டுத் தரேன்."

அன்றிலிருந்து ஹென்றிக்குத் தூக்கம் போயிற்று. தவிட்டெண்ணெயைக் காய்ச்சி, அதையும் இதையும் சேர்த்து, தண்ணீரில் கலந்து காற்றடித்துப் பார்த்தான். கண்ணாடி ஜாடியில் நுரை நிரம்பியதும், அடியில் தண்ணீர் எவ்வளவு நேரத்தில் பிரிந்து இறங்குகிறது என்று பார்ப்பதுதான் சோதனை. சட்டென்று இறங்கினால் நுரை உதவாது. பல நாள் ஜாடிக்கு ஜாடி தண்ணீர் சட்டென்றே இறங்கியது. கடைசியில் ஒரு நாள், சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோதும் நுரை அப்படியே நின்றது. சண்முகவேல் விரலை விட்டுக் குத்திப் பார்த்தார். விரல் போன குழிகூட மூடவில்லை. டிரம்களில் நிரப்பி, காலையில் லாரி ஏற்றி அனுப்பினார்கள்.

லாரி போனது முதல் ஹென்றிக்கு மனம் ஒரு நிலையில் இல்லை. ஏதோ விட்டுப்போன மாதிரி இருந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவன் நேரே குளிக்கப் போனான்.

"பைப்புல தண்ணி வரல. கெணத்துத் தண்ணிதான் கீது. சோப்பு போட்டுடாதே!" என்று கிளாடிஸ் அடுப்படியிலிருந்து கத்தினாள்.

அவன் காதில் விழவில்லை. சோப்பைத் தேய்த்தான். நுரை வரவில்லை, வெள்ளை வெள்ளையாகத் திரிந்து உடம்பில் ஒட்டியது. அவன் அப்படியே நின்றுவிட்டான்.

சாந்தோம் வீடுகளில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடத்தில் பிடித்து வைத்த கார்ப்பரேஷன் தண்ணீர் சோப்புக்கு, கிணற்றுத் தண்ணீர் மற்றதற்கு. சிலுவை போடக் கற்றுக்கொள்ளும் முன்பே பிள்ளைகள் இதைக் கற்றுக்கொண்டுவிடும். கம்பெனியிலும் இரண்டு குழாய் உண்டு. சோப்பு என்றதும் ஹென்றியின் கை தானாகக் கார்ப்பரேஷன் குழாய்க்குத்தான் போயிருக்கிறது. ஒரு தடவைகூட மற்றதைத் திறந்ததில்லை. கடலோரத்தில் தோண்டுகிறவனுக்கு நல்ல தண்ணீர் எங்கிருந்து வரும்?

துண்டைக் கட்டிக்கொண்டு மாதிரிக்காக வீட்டில் எடுத்து வைத்திருந்த சரக்கு பாட்டிலோடு கடற்கரைக்கு ஓடினான். ஒரு வாளி கடல் தண்ணீரில் கொஞ்சம் ஊற்றிக் கையால் அடித்தான். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் கேட்டார், "இன்னா நைனா, கடல்லியே துணி தொவைக்கிறியா?" ஹென்றி மறுபடியும் ஓங்கி அடித்தான். எழும்பிய கொஞ்சம் நுரையும் அவன் கண் முன்னே அடங்கிப் போயிற்று.

சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்துத் தியாகராய நகருக்குப் போய் விஷயத்தைச் சொன்னான். சண்முகவேல் வெற்றிலையைக் கீழே வைத்தார்.

"எந்தத் தண்ணியில சோதிச்சோம்னு அந்த இன்ஜினியர் கேட்டானா? இல்ல. நுரை உடைஞ்சா பாறையத்தான் சொல்லுவாங்க. நீ சும்மா இரி."

"குழாய் மாட்டிக்கும் சார்."

"சரி, போன் போடு. ஆனா தப்பு உன்னோடதுன்னு சொல்லிரு. கம்பெனிய இழுக்காத."

சும்மா இருந்தால் ஒருவேளை தப்பித்துக்கொள்ளலாம். சொன்னால் ஜவஹர் போட்டுத் தருகிற இடம் அன்றோடு சரி. மயிலாப்பூர் தபாலாபீசில் டிரங்க் கால் பதிந்துவிட்டு, பெஞ்சுக்கும் வாசலுக்குமாக நடந்தான். உட்காரச் சொல்லி அலுத்துப்போன குமாஸ்தா அவனைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

இணைப்பு கிடைத்ததும் ஹென்றி கேட்டான், "சார், அங்க எந்தத் தண்ணியில கலப்பீங்க?"

"போர் தண்ணிதான். வாயில வைக்க முடியாது. ஏன்?"

"கலக்காதீங்க சார். உப்புல நிக்காது. டிரம்மத் திறக்கவே வேண்டாம்."

இரைச்சலுக்கு நடுவே ஜவஹரின் குரல் மெதுவாக வந்தது. "யார் சோதிச்சது?"

"நான்தான் சார். கார்ப்பரேஷன் தண்ணியில."

"சொன்னது நல்லதாப் போச்சு. டிரம்மத் திருப்பி அனுப்பிடறேன். மத்ததெல்லாம் மறந்துடுங்க."

எதை மறக்கச் சொன்னார் என்று ஹென்றி கேட்கவில்லை. தெரிந்ததைக் கேட்பானேன்?

விட்டுவிடுகிற ஆளா அவன்? தினமும் ஒரு கேன் கடல் தண்ணீரோடு பஸ் ஏறினான். கண்டக்டர் திட்டினான், பக்கத்தில் நின்றவர்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்கள். தவிட்டெண்ணெயை விட்டுவிட்டுத் தேங்காய் எண்ணெய்க்கு மாறினான். மழைக்காலம் போய்ப் பனி இறங்கிய சமயத்தில், கடல் தண்ணீரில் நுரை நின்றது. குழி மூடாத நுரை. நாகப்பட்டினத்துக்குத் தகவல் போயிற்று. பம்பாயிலிருந்து சரக்கு வந்துவிட்டது, துளை போட்டு முடித்தாயிற்று, நன்றி என்று பதில் வந்தது.

புதுச் சரக்கின் மாதிரி பாட்டிலை வீட்டுக்குக் கொண்டுவந்து குளியலறை மூலையில் போட்டான். மறுநாள் பைப்பில் தண்ணீர் வரவில்லை. போகட்டும் என்று கிளாடிஸ் அதைக் கிணற்றுத் தண்ணீரில் ஊற்றித் துணியை முக்கினாள்.

"இங்க வந்து பாரேன்! கெணத்துத் தண்ணில நுரை!"

வாளி விளிம்பைத் தாண்டி வெள்ளையாக எழும்பி நின்றது. அவளுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. தெருப் பெண்களைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டுத் திரும்பி வந்தபோதும், ஹென்றி வாளிக்கு எதிரே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"இன்னா, இவ்ளோ நேரமா குந்திக்கினு கீறே? நீ ஒரு எடத்துல குந்தி நான் பார்த்ததே இல்லியே."

"உடையுதான்னு பாக்கறேன்" என்றான்.

அது உடையவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.