முதலில் காலிங் பெல்லைப் போடு

இரண்டு வருடத்துக்கு முன்பு, தசரா விடுமுறையில் நடந்தது இது. மைசூரில் மண்டி மொஹல்லாவுக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் வீடு. பழைய வீடு. பாத்ரூம் சுவரில் இறங்கிய ஈரம் ஹால் வரை பரவி, பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி உதிர ஆரம்பித்திருந்தது. நான் பள்ளிக்கூட டீச்சர். கணவர் கொரோனாவில் போய்விட்டார், மகள் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். லீவு விட்டால்தான் ரிப்பேருக்கு ஆள் வைக்க முடியும். அதனால் ஊரே விளக்குப் போட்டு ஜொலித்த நேரத்தில் என் வீட்டில் மட்டும் டங்கு டங்கென்று சுத்தியல் சத்தம்.

வந்த கொத்தனார் ஹனூர் என்கிற ஊர்ப் பக்கத்துத் தமிழர். முப்பத்தைந்து வயதிருக்கும். வேலையில் படு சுத்தம். ஆனால் மணிக்கொரு தரம் சட்டைப் பையிலிருந்து இரண்டு பொட்டலம் வெளியே வரும். ஒன்றில் பான் மசாலா, இன்னொன்றில் புகையிலை. இரண்டையும் கிழித்து உள்ளங்கையில் கலந்து, கன்னத்துக்குள் அடக்கிக்கொள்வார்.

என் வாய் சும்மா இருக்குமா? வருடா வருடம் பிள்ளைகளைப் புகையிலை எதிர்ப்புப் படம் வரையச் சொல்லிப் பரிசு கொடுக்கிறவள் நான். முதல் நாளே வகுப்பெடுக்க ஆரம்பித்துவிட்டேன். அவர் "சரிங்க்கா, சரிங்க்கா" என்று தலையாட்டினார். மறுநாளிலிருந்து வாசல் கேட்டுக்கு வெளியே போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். என் பிரசங்கத்தால் நடந்த மாற்றம் அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் மதியம் தோசையும் காரச் சட்னியும் கொடுத்தேன். தோசையை நகம் அளவுக்குப் பிய்த்துப் பிய்த்து உள்ளே தள்ளினார். வாய் பாதிக்குமேல் திறக்கவில்லை. சட்னி பட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

"ஆறேழு மாசமாவே இப்பிடித்தானுங்க்கா. சரியாப் போயிரும்."

புற்றுநோயாக இருக்கப் போகிறது, ஊரில் இரண்டு பெண் குழந்தைகள் இருக்கிறார்கள் என்றாயே, உடனே ஆஸ்பத்திரிக்குப் போ என்று கத்தினேன். அவர் மோரை வாங்கிக் குடித்துவிட்டு எழுந்து போனார்.

பாத்ரூமுக்கு மேலே இருந்த லாஃப்டைக் காலி செய்தால்தான் குழாயை மாற்ற முடியும். அதை நானே செய்கிறேன், நீ தொடாதே என்று சொல்லி வைத்திருந்தேன். சொன்னேனே தவிர செய்யவில்லை. மறுநாள் காலை காய்கறி வாங்கிக்கொண்டு திரும்பி வந்தால், லாஃப்டில் இருந்ததெல்லாம் ஹாலில் வரிசையாக அடுக்கியிருக்கிறது. நாற்பதுக்கும் மேற்பட்ட பார்சல்கள். எல்லாம் ஆன்லைனில் வாங்கியவை. ஒன்றுகூடப் பிரிக்கவில்லை. சிலவற்றின் மேல் விரல் கனத்துக்குத் தூசி.

"கடை ஏதாச்சும் வெச்சிருக்கீங்களாக்கா?"

கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டார். மகளுக்கு வாங்கி வைத்தது என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன். அவர் தூசியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வேலைக்குப் போய்விட்டார். மானமே போய்விட்டது எனக்கு.

அன்றைக்கே சுவரை உடைத்தபோது காலிங் பெல் ஒயரும் அறுந்துவிட்டது. கடைசியில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்றார். சரி என்றேன். ஆனால் அடுத்த இரண்டு நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. பண்டிகை ஆஃபரில் ஆர்டர் செய்தவை வந்துகொண்டிருந்தன. பெல் அடிக்காததால் பார்சல்காரர் தெருமுனையிலிருந்து போன் செய்வார், நான் போய் வாங்கி வருவேன். உப்புச்சப்பே இல்லை. காரணமில்லாமல் சிடுசிடுத்தேன். மூன்றாம் நாள் போன் வந்தபோது என்ன ஆயிற்றோ தெரியவில்லை, எல்லாவற்றையும் நிறுத்து, முதலில் காலிங் பெல்லைப் போடு என்று கொத்தனார் மேல் பாய்ந்துவிட்டேன்.

அவர் பூச்சுக் கரண்டியைக் கீழே வைத்தார். "பாத்ரூம் சொவுரே தொறந்து கெடக்குதுங்க்கா. பெல்லுக்கு என்னத்துக்குங்க இத்தன அவசரம்?"

நியாயமான கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது. மகளிடம்கூடச் சொல்லாததை ஒரு பிளாஸ்டிக் பக்கெட் மேல் உட்கார்ந்து அவரிடம் சொன்னேன்.

இரண்டாம் அலையில் என் கணவரை ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனார்கள். திரும்பி வரவில்லை. முகத்தைக்கூடப் பார்க்க விடவில்லை. எனக்கும் தொற்று என்று வீட்டுக் கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். மகளால் வர முடியவில்லை. அக்கம்பக்கத்தார் பால் பாக்கெட்டை கேட்டில் மாட்டிவிட்டு ஓடிப் போவார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன, எல்லோருக்கும் பயம். ஆனால் எட்டு நாள் அந்த வீட்டில் பெல் அடிக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் அடித்தது. ஓடிப் போய்த் திறந்தால், பார்சல்காரர். என் கணவருக்கு மூச்சுத் திணறல் ஆரம்பித்தபோது நான் ஆர்டர் செய்திருந்த ஆக்சிமீட்டர், விரலில் மாட்டி ஆக்ஸிஜன் பார்க்கிற கருவி, அவர் போன பிறகு வந்து சேர்ந்தது. பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, தள்ளி நின்று அந்த மனிதர் கன்னடத்தில் "சென்னாகித்தீரா அம்மா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறீர்களா என்று அத்தனை நாளில் நேரில் வந்து கேட்டவர் அவர் ஒருவர்தான். அடுத்த வாரம் நான் வேறு எதையோ ஆர்டர் செய்தேன். பொருள் யாருக்கு வேண்டும்? பெல் அடிக்க வேண்டும்.

அதற்கப்புறம் அது என்னை விடவில்லை. நான்கு நாள் ஒன்றும் வாங்காவிட்டால் போனில் செய்தி வரும், உங்களைக் காணாமல் வருத்தமாக இருக்கிறது என்று. சொந்தக்காரர்கள் யாரும் அப்படி எழுதியதில்லை. யாரோ கம்ப்யூட்டரில் எழுதி வைத்தது என்று தெரியும், டீச்சராயிற்றே, தெரியாமலா? தெரிந்தும் மனசு போய் ஒட்டிக்கொள்ளும்.

கொத்தனார் தரையைப் பார்த்தபடி ஆரம்பித்தார்.

"என்ற தம்பி சாரத்துல இருந்து உழுந்துட்டானுங்க்கா. நஞ்சன்கூடு ரோட்டுல, ஒரு அபார்ட்மென்ட் வேல. நாலாவது மாடி. நான் கண்ணால பாத்தேன். காரியம் முடிஞ்ச மறுநாளே அதே சாரத்துல ஏறச் சொன்னாங்க. கை நடுங்குது, கரண்டி நிக்க மாட்டேங்குது. பக்கத்துல இருந்தவரு இத உள்ளங்கையில வெச்சாரு. நடுக்கம் நின்னுதுங்க."

எங்கே கிடைக்கிறது இது, தடை செய்ததாகச் சொன்னார்களே என்றேன். அவர் சிரித்தார். சைட்டுக்கு வேலி போடுமுன்பே அந்தப் பெட்டிக்கடை வந்துவிடுமாம். குடிக்கத் தண்ணீர் அரை கிலோமீட்டர் தள்ளி, இது கைக்கெட்டும் தூரத்தில் சரம் சரமாகத் தொங்குமாம்.

அவருக்கு எங்கே வலி, எனக்கு எங்கே வலி என்று மனிதர்கள் விசாரிக்கவில்லை. விற்கிறவர்களுக்குத்தான் அது சரியாகத் தெரிந்திருந்தது. இத்தனை நாள் நான் அவருக்கு எடுத்த வகுப்பை நினைத்துக் கூசிப் போனேன். நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு நானும் கூட வருகிறேன், வருவாயா என்று கேட்டேன். இந்த முறை கேட்கத்தான் செய்தேன், கத்தவில்லை.

"வர்றேனுங்க்கா. ஆனா நீங்களும் இந்தப் பொட்டியெல்லாம் பிரிச்சிருங்க. எனக்கு மட்டும் சொன்னா எப்பிடிங்க?"

மறுநாள் அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை மூன்று விரலைச் சேர்த்து வாய்க்குள் நுழைக்கச் சொன்னார். ஒரு விரலுக்கு மேல் போகவில்லை. கன்னத்திலிருந்து துளி சதை எடுத்துக்கொண்டு, முடிவு வரப் பத்து நாளாகும் என்றார்கள். வெளியே வந்ததும் அவர் கை தன்னால் சட்டைப் பைக்குப் போனது. வெறும் பையைத் தடவிவிட்டு இறங்கியது.

அதற்குள் வீட்டு வேலை முடிந்தது, பெல்லும் மாட்டியாகிவிட்டது. அந்தப் பத்து நாளில் நான் பெட்டிகளைப் பிரித்தேன். ஒரே மாதிரி காய்கறி வெட்டும் மெஷின் மூன்று இருந்தது. தனியாக இருக்கிறவளுக்கு ஆறு லிட்டர் குக்கர் வேறு. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எல்லாவற்றையும் பள்ளியில் சமைக்கிறவர்களுக்கும் ஆயாக்களுக்கும் கொடுத்தேன். ஒரே ஒரு பெட்டியை மட்டும் தொட முடியவில்லை. எதுவென்று சொல்ல வேண்டியதில்லை.

பத்தாம் நாள் சாயங்காலம் பெல் அடித்தது. பழக்க தோஷம், ஓடினேன். கொத்தனார் நின்றுகொண்டிருந்தார், கையில் ஒரு காகிதம். இன்னும் புற்றாக மாறவில்லை, இப்போது நிறுத்தினால் தப்பிக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள். அந்தக் காகிதத்தை மூன்று தரம் சத்தமாகப் படித்துக் காட்டினேன். மூன்று தரமும் அவர் காது கொடுத்துக் கேட்டார்.

உள்ளே வந்து உட்கார்ந்தவர் மேஜை மேல் இருந்த அந்தச் சின்னப் பெட்டியைப் பார்த்தார். கேட்காமலே புரிந்துகொண்டு, டேப்பைக் கிழித்து என் கையில் கொடுத்தார். டிவி ரிமோட்டிலிருந்த பேட்டரியைக் கழற்றிப் போட்டேன். சிமென்ட் அரித்த அவர் விரலில் மாட்டினேன். சிவப்பாக எரிந்து தொண்ணூற்றெட்டு என்று காட்டியது. என்னங்க அர்த்தம் என்று கேட்டார்.

"நீ நல்லா இருக்கேன்னு அர்த்தம் தம்பி" என்றேன். அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் துடைக்கவில்லை, வழியட்டும் என்று விட்டுவிட்டேன்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். அவர் இரண்டு தரம் மறுபடி பொட்டலத்தைத் தொட்டார். நானும் போன பொங்கலுக்கு யாருக்கும் வேண்டாத ஒரு மேஜை விளக்கை வாங்கினேன். ஒருவரிடம் ஒருவர் ஒப்புக்கொண்டோம். மாதத்தில் ஒரு ஞாயிறு வந்து பெல் அடித்து, வாசலிலேயே விரலை வாய்க்குள் நுழைத்துக் காட்டுவார். இப்போது இரண்டு விரல் தாராளமாகப் போகிறது.

நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: எந்த வீட்டில் துக்கம் என்று கேள்விப்பட்டாலும், என்ன வாங்கிக்கொண்டு போவது என்று யோசிக்காமல், வெறும் கையோடு போய் அந்த வீட்டு பெல்லை அடிக்கிறேன்.