ஆறடி ஆள் தேர்ந்தெடுத்த டிராக்டர்

போன செவ்வாய்க்கிழமை செவிலிமேட்டில் மாகறல் பஸ் ஏறினேன். ஜன்னலோரத்தில், முன்பு என்னோடு வேலை பார்த்த ஏழுமலை. என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டார்.

"உக்காருங்க சார். இன்னாத்துக்கு நின்னுக்கினு வர்றீங்க? நான் பொண்ணு வூட்டுக்குப் போறேன்."

வேண்டாமென்று அவரையே உட்காரவைத்தேன். நின்றாலும் என் தோள் உயரம்தான் இருப்பார். அந்த உயரத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத வேண்டியிருக்கிறது.

விமான நிலையத்தில் தரையில் ஓடும் வண்டிகளைத் தேர்ந்தெடுப்பது என் வேலையாக இருந்தது. ஏணி வண்டி, பெட்டி ஏற்றும் வண்டி, விமானத்தை இழுக்கும் டிராக்டர்... ஏழுமலை டிராக்டர் ஓட்டுநர்.

புது டிராக்டர் வாங்க வேண்டி வந்தது. எத்தனை டன் இழுக்கும், எவ்வளவு குறுகலாகத் திரும்பும், ஸ்பேர் பார்ட்ஸ் இங்கே கிடைக்குமா – எல்லாம் பார்த்தேன். ஒரு மாடல் பிடித்துப்போனது. சீட்டில் ஏறி உட்கார்ந்தும் பார்த்தேன். விமானத்தின் மூக்குச் சக்கரம் பளிச்சென்று தெரிந்தது. ஆறடி ஆளுக்குத் தெரியாமல் போகுமா?

அடுத்து ஏழுமலை ஏறினார்.

"சக்கரம் தெரியலை சார். பானெட் மறைக்குது. சீட்டும் மேல ஏறாது போல இருக்குது."

"தலகாணி வெச்சிக்கோயேன்பா" என்றேன். வண்டி வாங்கும் கமிட்டியில் இருந்த மூன்று பேரும் சிரித்தோம். அவரும் சிரித்தார் – வேறென்ன செய்வார்?

பள்ளிக்கூட பெஞ்சு முதல் பஸ் படிக்கட்டு வரை, வாங்குகிறவர் ஒருவர், அவதிப்படுகிறவர் வேறொருவர். நானாவது உட்கார்ந்து பார்த்தேனே என்று பெருமை வேறு எனக்கு.

படிவத்தில் 'ஓட்டுநர் கருத்து' என்றொரு கட்டம். 'ஆட்சேபணை இல்லை' என்று நானே எழுதி அவரிடம் நீட்டினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டார். என் மேல் அவ்வளவு நம்பிக்கை.

தலையணை மேல் உட்கார்ந்தால் சக்கரம் தெரியும்; ஆனால் பிரேக்குக்குக் கால் சரியாக எட்டாது. சில மாதம் சமாளித்தார். ஒரு நாள் விமானத்தோடு பூட்டப் போனபோது கால் நழுவியது. இழுக்கும் கம்பி போய் மூக்குச் சக்கரத்தில் இடித்தது. யாருக்கும் அடியில்லை. ஆனால் விமானம் அன்று பறக்கவில்லை.

விசாரணையில் என்னைக் கேட்டார்கள்: "வண்டியைப் பற்றி ஓட்டுநர் முன்பே ஏதாவது சொன்னாரா?"

ஃபைலைத் திறந்து அந்தக் கட்டத்தைக் காட்டினேன்.

'கவனக்குறைவு' என்று முடித்தார்கள். ஓய்வு பெறும்வரை ஏழுமலைக்கு ஸ்டியரிங் கிடையாது. பெட்டி தூக்கினார்.

பஸ்ஸில் பக்கத்து சீட் காலியானது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன் – கட்டத்தில் எழுதியதையும். அவர் வெளியே பார்த்தபடி கேட்டுக்கொண்டு வந்தார்.

"நாம சொல்லவே இல்லியோன்னு நெனச்சிக்கினு இருந்தேன் சார், இத்தினி வருசமா. சொன்னேன் இல்ல?"

"சொன்னீங்க."

"எம் மருமவன் பைக் சாவியே குடுக்க மாட்டான் சார். 'ஏரோப்ளேனையே இடிச்ச ஆளு, என் வண்டி எம்மாத்திரம்'னுவான். பேத்தி வேற சிரிக்கும்."

மன்னிப்புக் கேட்டேன்.

"அத்த என்கிட்ட கேட்டு இன்னா சார் ஆவப்போவுது? வாராவாரம் எழுதுறீங்களே... மருமவன் படிக்கிறான். பேரப் போட்டே எழுதுங்க."

மாகறலில் இதைப் படிக்கும் தம்பிக்கு: உங்கள் மாமனார் அன்றைக்கே சொன்னார். மாற்றி எழுதியவன் நான். சாவியைக் கொடுங்கள்.