கடலுக்குப் போய் வந்த போத்தல்

எங்கள் பகுதியில் இவ்வளவு பேருக்குச் சிறுநீரகக் கல் வருவதற்குக் கிணற்றுத் தண்ணீர்தான் காரணமா என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். அதற்கு ஒவ்வொருவரும் ஒரு முழு நாள் சிறுநீரைப் பெரிய போத்தலில் சேர்த்துத் தர வேண்டும். ஒருவர் பாதியில் மறந்துவிடுவார். இன்னொருவருடைய மனைவி நாற்றமென்று ஊற்றிவிடுவார். எனக்குத் தலை வெடிக்கும்.

அரியாலையில் நண்டு பிடிக்கும் அண்ணை ஒருவரைத்தான் நம்பியிருந்தேன். தொழிலுக்குப் போகும்போதும் போத்தலைக் கொண்டுபோகச் சொல்லியிருந்தேன். காலையில் தருவதாகச் சொன்னவர் மத்தியானமாகியும் வரவில்லை. அவருடைய போனும் வேலை செய்யவில்லை. எரிச்சலோடு கரைக்கே போனேன்.

உடுப்பெல்லாம் நனைந்து, போத்தலை நெஞ்சோடு அணைத்தபடி வந்தார்.

"எங்கை அண்ணை போனனீங்கள்?" என்று கத்தினேன்.

"வள்ளம் பிரண்டு போச்சு, தங்கச்சி. பிடிச்ச நண்டும் போயிட்டுது, போனும் போயிட்டுது. இதை மட்டும் நான் விடேல்லை."

போத்தலின் மூடி இறுகியிருக்கவில்லை. உள்ளே மணல் கிடந்தது. பேசாமல் வாங்கிக்கொண்டு போய்விடலாமா என்று நினைத்தேன். மனம் வரவில்லை.

"அண்ணை, கடல் தண்ணி கலந்திட்டுது. உது சரிவராது."

"அப்ப இதுக்கோ நான் நண்டை விட்டனான்?"

என்னை ஏசிக்கொண்டே போத்தலை மணலில் கவிழ்த்தார். பிறகு ஈரக் கையை நீட்டினார்.

"புதுசு ஒண்டு தாங்கோ. நாளைக்கு நான் தொழிலுக்குப் போகேல்லை."

இப்போதும் ஆட்கள் பிந்தித்தான் வருகிறார்கள். எனக்கும் எரிச்சல் வரத்தான் செய்கிறது. ஆனால் வாய் திறந்தால், என்ன நடந்தது என்றுதான் முதலில் கேட்கிறேன்.