மீந்த அப்பம்

எங்கள் கிறிஸ்தவ சபையில் மாதம் ஒருமுறை நடக்கும் திருவிருந்துக்கு அப்பம் சுடுவது தையல்காரம்மாவின் வேலை. யாரும் நியமிக்கவில்லை, கல்யாணமாகி வந்த புதிதில் ஒருமுறை சுட்டுக் கொடுத்தவர், அப்படியே பிடித்துக்கொண்டார். வீட்டு முன்னறையில் பள்ளிச் சீருடையின் பித்தான் துளைகளுக்குக் காஜா எடுத்தபடியே, துணி கொடுக்க வருகிறவர்களிடமெல்லாம் "இந்த மாசம் அப்பம் எப்படி?" என்று கேட்பார். நன்றாயிருந்தது என்று சொல்லாதவரின் சட்டை தாமதமாகத்தான் கைக்கு வரும்.

அந்த வேலையோடு ஒரு கடமையும் உண்டு. மீந்த அப்பத்தை வெளியே கொண்டுபோகக் கூடாது. சுட்டவரே ஆலயத்துக்குள் உட்கார்ந்து தின்று தீர்க்க வேண்டும். எங்கள் சபையின் பழைய வழக்கம் இது. பெரும்பாலும் இரண்டு வாய்தான் மிஞ்சும்.

ஒரு மாதம் அவருக்குக் காய்ச்சல். மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி, அதாவது கொழுந்தனின் மனைவி, மாவு பிசைந்தாள். அப்பம் பஞ்சாக இருந்ததாம், ஒரு துணுக்குகூட மிஞ்சவில்லையாம். போர்வைக்குள் கிடந்தவரிடம் இதைச் சொன்னது அவர் கணவர். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"நீங்க எத்தனை துண்டு தின்னீங்க?"

"ஒண்ணுதான். எல்லாருக்கும் ஒண்ணுதானே?"

"இன்னொண்ணு கெடைச்சிருந்தா தின்னிருப்பீங்க."

காய்ச்சல் இறங்கியது, வயிற்றெரிச்சல் இறங்கவில்லை. இனி அவளே சுடட்டுமே என்று யாரோ சொன்னது காதில் விழுந்ததும், தையல்காரம்மா வேதாகமத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டார். மாடிப்படி வழியே இறங்கிய வாசனையிலேயே அவருக்குத் தெரியும், அவள் ஈஸ்ட் போடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எழுந்து நின்றார்.

"புளிக்க வெச்ச மாவு ஆண்டவர் மேஜைக்கு ஆகுமா? நான் யாரையும் சொல்லல, சத்தியத்தைச் சொல்றேன்."

யாரைச் சொல்கிறார் என்பது கடைசி பெஞ்சுக்கும் தெரிந்தது.

அன்றிலிருந்து சபையில் இரண்டு கட்சி: புளித்த கட்சி, புளிக்காத கட்சி. இரண்டும் ஒரே வேதாகமத்திலிருந்துதான் ஆதாரம் காட்டின. பால்காரரும் அவர் சம்பந்தியும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள்; எங்களுக்குக் கூத்தாடியும் நாங்களேதான். பாவம் பாஸ்டர், வாராவாரம் ஒருமனப்பாட்டைப் பற்றியே பிரசங்கித்தார். அது மற்ற கட்சிக்குச் சொன்னது என்று ஒவ்வொரு கட்சியும் தலையாட்டியது. கடைசியில் அலுத்துப்போய், பழையபடி புளிக்காத அப்பமே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். தையல்காரம்மா ஜெயித்தார்.

திருவிருந்து நாளில் அவர் சுட்ட அப்பம் மேஜைக்கு வந்தது. பாஸ்டர் அதைக் கையில் எடுத்ததுமே புளித்த கட்சி எழுந்து வெளியேறியது. ஓரகத்தியும் தலையைக் குனிந்தபடி பின்னால் போனாள். வரிசையில் வந்த ஒவ்வொரு முகத்தையும் தையல்காரம்மா பார்த்தார். எந்த முகம் தன் அப்பத்தைத் தின்பதைப் பார்க்க இத்தனை பாடுபட்டாரோ, அந்த ஓரகத்தியின் முகம் வரிசையில் இல்லை.

பாதி அப்பம் மீந்துவிட்டது. பழையபடியே என்ற தீர்ப்பில் ஜெயித்தவரே அவர்தான், இப்போது எப்படி மாற்றுவது? ஆலயம் காலியான பிறகு, தட்டை மடியில் வைத்துக்கொண்டு தன்னந்தனியாக மென்றார். தொண்டையில் இறங்க மறுத்தது. விக்கல் வந்தது, கண்ணீர் வந்தது. கண்ணீர் விக்கலால் மட்டும் வந்ததல்ல.

முகத்துக்கு நேரே ஒரு தம்ளர் தண்ணீர் நீண்டது. ஓரகத்தி நின்றிருந்தாள்.

"குடிங்கக்கா, விக்குது பாருங்க."

இதிலும் முந்திக்கொண்டாளே என்று பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் வாங்கிக் குடித்தார்.

"நீ எதுக்கு எழுந்து போனே?"

"நான் சுட்டது ஆகாதுன்னு சொன்னீங்க. அப்ப நானும் ஆகாதோன்னு போயிட்டேன்."

சபையையே இரண்டாக்கிய தையல்காரம்மா தட்டை அவள் பக்கம் நீட்டினார்.

"என்னால முடியல. நீயும் எடுத்துக்கோ."

அவள் ஒரு துண்டை வாயில் போட்டு மென்றாள்.

"உப்பே போடலையாக்கா?"

போடவில்லை. பிசைந்தபோது இருந்த கோபத்தில் மறந்துபோயிருந்தார். அவர் கட்சி மொத்தமும் அதைத் தின்றது, கட்டின புருஷனும் தின்றார், ஒருவரும் வாய் திறக்கவில்லை. சொல்வதற்கு இவள்தான் வரவேண்டியிருந்தது. வயிறு மறுபடி எரிந்தது. எரிந்த வயிற்றோடே பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்.

"உக்காரு. இதை முடிச்சிட்டுச் சேர்ந்தே போகலாம்."