கர்மேல் தெரியும், சூரைச்செடி தெரியாது

போன வருஷம் ரம்ஜான் மாதத்தில், என் வீட்டுக்காரர் ஓட்டிப்போன டேங்கர் லாரி மணலி பக்கம் கவிழ்ந்தது. வயிற்றுக்குள் ரத்தக்கசிவு. மூன்றாம் மாடி ஐசியூவில் போட்டார்கள். எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

நான் காலடிப்பேட்டையில் பதினோரு வருஷமாக ஞாயிறு பள்ளி நடத்துகிறவள். எலியா தீர்க்கதரிசி எனக்கு அத்துப்படி. காகம் அப்பம் கொண்டுவந்தது, கர்மேல் மலையில் அக்கினி இறங்கியது, அக்கினி ரதம் வந்தது. நம்மில் பலருக்கும் அவ்வளவுதான். எனக்கும் அக்கினி இறங்கட்டும் என்று அடம் பிடித்தேன். இவர் கண் திறக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கமாட்டேன் என்று பொருத்தனை செய்து, ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத் தாழ்வாரத்தில் முழங்கால் போட்டேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் சுவரோரம் சரிந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், என்னையும் எடுத்துக்கொள்ளும் ஆண்டவரே என்று கேட்டேன்.

என் பக்கத்தில் பாய் போட்டிருந்தவர் வண்ணாரப்பேட்டை ஜைனம்பு அக்கா. அவர் மகளும் அதே ஐசியூவில். அவர்தான் என் தோளைத் தட்டினார். கையில் பள்ளிவாசல் கஞ்சி. தாம் நோன்பு திறக்க வாங்கி வைத்திருந்தது.

"எந்திரிச்சு சாப்புடும்மா."

உபவாசம் என்றேன்.

"நோன்பு எனக்கும்தான். உன் புருசன் எந்திரிக்கசொல்லோ நீ படுத்துகினு இருந்தா இன்னா பண்றது? நீ இன்னும் எவ்ளோ தூரம் நடக்கணும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கர்மேலுக்கு அடுத்த அதிகாரம்! சாகவேண்டும் என்று சூரைச்செடியின் கீழ் படுத்த எலியாவைத் தூதன் தட்டி எழுப்புகிறான். சாப்பிடு, போகவேண்டிய தூரம் அதிகம் என்கிறான். பிள்ளைகளுக்கு அதை நான் நடத்தியதே இல்லை. அக்கினி முடிந்ததும் நேரே ரதத்துக்குத் தாவிவிடுவேன். அழுதுகொண்டே குடித்தேன். அக்கா இரண்டாம் தம்ளரும் ஊற்றினார். எலியாவுக்கும் இரண்டு தடவைதான்.

அரை மணி நேரத்தில் டாக்டர் கூப்பிட்டனுப்பினார். மறுபடி கசிவு, உடனே ஆபரேஷன், மனைவி கையெழுத்துப் போடவேண்டும். எங்களுக்கு வேறு ஆள் கிடையாது. மூன்று மாடியும் என் காலாலேயே ஏறினேன். கையெழுத்துப் போட்டேன்.

பொருத்தனையை நான்தான் உடைத்தேன். கர்த்தர் கைவிடவில்லை. மறுநாள் என் வீட்டுக்காரர் கண் திறந்து முதலில் கேட்டது, "சாப்ட்டியா?"

இன்று அவர் மீஞ்சூர் லோடு ஏற்றிப் போயிருக்கிறார். அக்கா மகளும் வீடு திரும்பிவிட்டாள். வெள்ளிதோறும் உபவாச ஜெபம் முடிந்ததும் ஒரு தூக்குக் கஞ்சியோடு அதே தாழ்வாரத்துக்குப் போகிறேன்.

பிரியமானவர்களே, வானத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டு, தோளைத் தட்டுகிற கையைத் தள்ளிவிடாதீர்கள். நம்புங்கள், கர்த்தர் கட்டாயம் அனுப்புவார்.

போன ஞாயிறு ஒரு குட்டிப்பெண் கேட்டாள், தூதன் எப்படி இருப்பார் மிஸ் என்று. புர்கா போட்டிருப்பார் என்றேன்.