பாஷ்கோ கூப்பிட்டால் வரும் ஆடுகள்

கடலில் தீவுக்கூட்டமாகக் கிடக்கும் கோர்னாட்டி தேசியப் பூங்காவுக்கு முர்த்தர் ஊரிலிருந்து படகு ஓட்டுகிறவர்களில் பாஷ்கோவைப் போல வாய்வீச்சுள்ள ஆள் கிடையாது! பூங்காத் தீவு ஒன்றில் அவருக்குப் பரம்பரை நிலம் உண்டு. பாறை, பாறைக்கிடையே கொஞ்சம் புல். அங்கே விட்ட ஆடுகளுக்கு மேய்ப்பன் இல்லை. பழகிய குரல் கேட்டால் தண்ணீருக்கு வரும், அவ்வளவுதான்.

அன்று பயணிகள் ஏறும்போதே மனைவி தோன்காவிடம் சவால் விட்டார்.

"நீ வீட்லயே இரு. நான் கூப்பிட்டு ஆடு வரலைன்னா, சீசன் முடியிற வரைக்கும் சுக்கான் உன் கையில. நான் மீன் கழுவுறேன், போதுமா?"

"இத்தன பேர் சாட்சி! போய்ட்டு வாங்க மகாராஜா."

தீவில் செங்குத்துப் பாறை நேராகக் கடலுக்குள் இறங்குகிறது. உச்சியில் நின்று பாஷ்கோ தொண்டை கிழியக் கூவினார். கடற்பறவைகள் எழுந்து பறந்தன. ஆடுகள் தூரத்துப் பாறையில் அப்படியே நின்றன.

"கேப்டன், அதுங்க உங்க ஆடுங்கதானே?" என்று கேட்டார் தலைநகர் சாக்ரெப்பிலிருந்து வந்த டீச்சரம்மா.

"என் ஆடுதான். யோசிக்குதுங்க."

"ரொம்ப நேரமா யோசிக்குதுங்களே!"

பக்கத்தில் ஆடுகளுக்கான தண்ணீர்த் தொட்டியில் வெடிப்பு. தண்ணீர் நிற்காது, ஆடுகள் குடிக்கக் குடிக்கத்தான் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்ற வேண்டும். மழை பெய்து வாரக்கணக்காகிறது. ஒரு குட்டி நாக்கைத் தொங்கப்போட்டுப் படுத்தேவிட்டது. பாஷ்கோ அதைப் பார்த்தார். சுக்கானை நினைத்தார். மறுபடி குட்டியைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டார். எனக்கு இந்த மனிதரை ஏன் இவ்வளவு பிடிக்கும் என்றால், இதற்குத்தான்!

"தோன்கா... ஆடுங்க வரல. நீ கொஞ்சம் கூப்பிடேன்."

"வராது! அந்த வெடிப்ப அடைய்யா, அடைய்யான்னு எத்தன வருஷமா கத்துறேன்? காது இருக்கா, இல்ல அதையும் கடல்ல போட்டுட்டியா?"

தூரத்துப் பாறையில் தலைகள் நிமிர்ந்தன. அடுத்த நொடி மொத்த மந்தையும் சரிவில் பாய்ந்து வந்தது! வருஷக்கணக்காக அவர் தண்ணீர் இறைக்கும்போதெல்லாம் தொட்டியருகே நின்று தோன்கா அவரைத் திட்டுவாள். ஆடுகளுக்குப் பழகியது அந்தக் குரல்தான். ஒரு கிடா போனையே நக்கியது. பயணிகள் கைதட்ட, பாஷ்கோ மடமடவென்று இறைத்து ஊற்றினார்.

"என்னய்யா அங்க சத்தம்?"

"வந்துருச்சுங்க."

"நான் இன்னும் கூப்பிடவே இல்லையே!"

"கூப்பிட வேணாம், நிறுத்தாம திட்டு. குட்டி இப்பதான் எந்திரிச்சு வருது."